பழைய கார் சர்வீஸ் பில்: எந்த ஆயிலுக்கு "சரி" சொல்லணும்?

ஏழெட்டு வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் காரை முதல் சர்வீஸுக்கு விட்டா, எஸ்டிமேட்ல பெரும்பாலும் மூணு ஐட்டம் இருக்கும். பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில். மாசக் கடைசின்னா மூணையும் வெட்டத் தோணும். என் கருத்து, பிரேக் ஆயிலை மட்டும் வெட்டாதீங்க. மத்த ரெண்டுக்கும், "என் கார்ல அது இருக்கா?"ன்னு முதல்ல கேளுங்க.

பல சின்ன கார்களில் கிளட்ச் வெறும் கேபிள்ல இயங்குது. அதுக்கு ஆயிலே கிடையாது. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தேதான் அதுக்கும் போகுது. ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி கார்களில் பவர் ஸ்டீயரிங் மோட்டார்ல ஓடுது, அங்கயும் ஆயில் இல்லை. பொலிரோ, பழைய இன்னோவா வச்சிருக்கீங்கன்னா அது நியாயமான செலவு. மேனுவல்ல என்ன வகைன்னு போட்டிருக்கோ அதையே ஊத்தச் சொல்லுங்க.

சரி, பிரேக் ஆயில் ஏன் முக்கியம்? அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினதுக்கான தர அளவு 155 டிகிரிதான். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுலயும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா, பழைய ஆயில் கொதிச்சு ஆவியாகலாம். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. இதுக்கு அரை லிட்டர் டப்பா சில நூறு ரூபாய், அதுக்கு மேல லேபர். பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். இதே பில்லில் "இன்ஜின் ஃபிளஷ்", "ஏசி கிளீனிங்"னு ஆயிரக்கணக்கில் போட்டிருந்தா, வெட்ட வேண்டியது அங்கதான்.

"கார் இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. சாதாரண பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் ரிப்பேரும் கவர் ஆகாது. ஈரத்துல துருப்பிடிச்சு மாஸ்டர் சிலிண்டரோ ஏபிஎஸ் யூனிட்டோ போனா, முழுப் பணமும் உங்க பாக்கெட்லேர்ந்துதான்.

இன்னொண்ணு, டாப்-அப் பண்றது மாத்தறது ஆகாது. நாலு சக்கரத்திலும் பழைய ஆயிலை வெளியே எடுக்கணும், அதை நேர்ல பாருங்க. லெவல் குறைஞ்சிருந்தா பிரேக் பேட் தேஞ்சிருக்கலாம், லீக்காவும் இருக்கலாம். ரெண்டையும் செக் பண்ணச் சொல்லுங்க. மலிவா இருக்கேன்னு பெரிய டப்பா வாங்கி மிச்சம் வைக்காதீங்க, திறந்ததும் அதுவும் ஈரம் இழுக்கும். வீடியோ பார்த்து நீங்களே பண்றதுக்கும் நான் ஓட்டு போட மாட்டேன். வீடியோ போடுற நானே சொல்றேன்! உள்ளே காத்து மாட்டினா பிரேக் பிடிக்காது.

அடுத்த சர்வீஸுக்குப் போறதுக்கு முன்னாடி பழைய பில்லை எடுத்து, பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினாங்கன்னு பாருங்க. எழுதலைன்னா, மாத்தலைன்னே வச்சுக்கோங்க.