வரியிலிருந்து பிறக்கும் கிரிட்

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் புதிய ஆவணம் ஒன்றைத் திறந்தால், ஓர் எழுத்துகூட உள்ளே வருவதற்கு முன்பே எத்தனை பத்தி வேண்டும், பத்திகளுக்கு நடுவே எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கிறது. இடைவெளிக்கு 12 பாயிண்ட் என்று தானே நிரப்பியும் வைத்திருக்கிறது. அச்சகத்துக்கு அனுப்பும் அவசரத்தில் இருப்பவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார். முதலில் கிரிட் என்னும் கோட்டுச் சட்டகம், பிறகு அதற்குள் எழுத்து என்ற வரிசை நமக்குப் பழகிவிட்டது. ஆனால் நூற்றாண்டுகளாக, பக்கத்தில் விழும் கோடுகளுக்கு அளவு சொல்லிவந்தது எழுத்துதான். அந்த உரிமை எழுத்தின் கையைவிட்டுப் போனது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

இடைக்கால ஐரோப்பாவில் தோல் ஏடுகளில் எழுதியவர்கள் ஓரங்களில் ஊசித்துளையிட்டு, துளைக்குத் துளை கோடிழுத்துக்கொண்டார்கள். கோடு முன்னால் விழுந்தாலும் அதன் இடைவெளியைத் தீர்மானித்தது எழுதப்போகும் எழுத்தின் பருமன். கூட்டன்பர்க் 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் அச்சிட்டு முடித்த விவிலியத்தில் பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 42 வரி. தொடக்கப் பக்கங்களில் மட்டும் 40 வரிதான் இருக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வரியின் உயரத்தைக் குறைத்திருக்கிறார்கள். பக்கமும் வரியும் ஒன்றையொன்று பார்த்தே முடிவாயின.

கிரிட்டை ஒரு கொள்கையாகவே வளர்த்தெடுத்தது இருபதாம் நூற்றாண்டின் சுவிட்சர்லாந்து. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று ஒரே செய்தியைப் பல மொழிகளில் அருகருகே அச்சிட வேண்டிய நாடு அது. அழகுணர்ச்சியைவிட அந்தத் தேவைதான் அங்கே கிரிட்டை ஊன்றவைத்தது என்று நினைக்கிறேன். யோசெஃப் முல்லர்-புரொக்மன், ரிச்சர்ட் பால் லோசே, ஹான்ஸ் நொய்பர்க், கார்லோ விவரெல்லி ஆகிய வடிவமைப்பாளர்கள் நால்வரும் 1958-இல் சூரிச்சில் தொடங்கிய ‘நொய கிராஃபிக்’ இதழ் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றையும் ஒரே அமைப்புக்குள் வைத்து வெளிவந்தது. முல்லர்-புரொக்மன் தம் முறையை 1981-இல் நூலாக்கினார். படத்துக்கான கட்டம் ஒவ்வொன்றும் முழு எண்ணிக்கையில் வரிகளைக் கொள்ள வேண்டும். கட்டங்களுக்கு நடுவே விடும் இடமும் முழு வரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் படத்தின் மேல்விளிம்பு பக்கத்துப் பத்தியின் எழுத்துத் தலையோடும், கீழ்விளிம்பு வரியின் அடியோடும் பிசிறின்றிப் பொருந்தும்.

இந்தச் சிந்தனையின் உச்சம் சுவிஸ் வடிவமைப்பாளர் கார்ல் கெர்ஸ்ட்னர் 1962-இல் ‘காபிடால்’ என்ற ஜெர்மன் இதழுக்குப் போட்ட கணக்கு. எழுத்துப்பரப்பின் அகலத்தை அவர் 58 அலகாகப் பிரித்தார். பத்திகளுக்கு இடையே 2 அலகு. இரண்டு பத்தி வேண்டுமானால் ஒவ்வொன்றும் 28, மூன்றென்றால் 18, நான்குக்கு 13, ஐந்துக்கு 10, ஆறுக்கு 8. எதைப் போட்டுப் பார்த்தாலும் மிச்சமில்லாமல் 58 வருகிறது. அலகு ஒவ்வொன்றும் 10 பாயிண்ட், அதாவது கட்டுரை எழுத்தின் வரியுயரம். நீண்ட கட்டுரைக்கு அகலமான பத்தி, புள்ளிவிவரத்துக்குக் குறுகிய பத்தி என்று உள்ளடக்கம் கேட்பதைக் கொடுக்க அந்தப் பக்கம் எப்போதும் தயாராக இருந்தது. காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து இந்த எண்களைக் கூட்டிப் பார்க்கும் எந்த இளம் வடிவமைப்பாளருக்கும் கிரிட்டின் மேல் மரியாதை வந்துவிடும்.

அந்த நாளில் பக்கங்களை அட்டையில் ஒட்டித் தயாரித்தவர்கள் முதலில் அதில் வெளிர்நீலப் பென்சிலால் கோடு போடுவார்கள். அச்சகக் கேமராவின் பிலிமில் அந்த நீலம் பதியாது. 1985-இல் பால் பிரெய்னெர்டின் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைக் கொண்டுவந்தபோது, திரையில் தெரிந்து அச்சில் மறையும் கோடுகள் அதிலும் இருந்தன. எழுத்து வரிகள் உட்கார இன்டிசைன் காட்டும் வரிக்கோடுகள் இன்றும் வெளிர்நீலம்தான். கோடு பத்திரமாக வந்து சேர்ந்தது, கணக்கு வரவில்லை. இன்டிசைனை நிறுவியதும் இருக்கிற அமைப்பைப் பாருங்கள்: வரிக்கோடுகளுக்கு நடுவே 12 பாயிண்ட்; எழுத்து 12 பாயிண்ட், அதற்குத் தானாக அமையும் வரியுயரம் 14.4. மென்பொருள் தரும் எழுத்தே அதன் கோட்டில் உட்காருவதில்லை. இணையப் பக்கங்களில் 2008 வாக்கில் பரவிய 960 பிக்சல் கிரிட்டும், 2011-இல் வந்த பூட்ஸ்ட்ராப் என்ற இணைய வடிவமைப்புக் கருவியும் 12 பத்தியைப் பழக்கமாக்கின. 12 என்பது 2, 3, 4, 6 ஆல் வகுபடும், வசதியான எண். ஆனால் எந்த மொழி, எந்த எழுத்துரு என்று அது கேட்பதில்லை.

தமிழுக்கு இதனால் நேரும் கஷ்டம் அதிகம். தமிழகத்து டி.டி.பி. சென்டர்களில் திருமண அழைப்பிதழ் முதல் ஆண்டுமலர் வரை பலவும் பேஜ்மேக்கரில் பிறந்தன. ஆனால் நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் குறுகிய பத்தியில் தமிழ் வரிக்கு இரண்டு மூன்று சொல்லே கொள்ளும். இருபுறமும் சமன்செய்தால் நடுவே பள்ளம் விழும். நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே உகரச் சுழிகளும் உண்டு. ஆங்கில வரியுயரத்தில் அவை ஒன்றோடொன்று முட்டும். இலங்கையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பக்கத்தில் வைப்பவர்கள், அதிக இடம் கேட்கும் மொழியைக் கொண்டு கணக்கைத் தொடங்கினால் மற்ற இரண்டும் சிரமமில்லாமல் அடங்கும்.

கணக்கும் எளிதுதான். நீங்கள் எடுத்த தமிழ் எழுத்துரு 11 பாயிண்டில் 16 பாயிண்ட் வரியுயரம் கேட்கிறது என்று வையுங்கள். கட்டத்துக்கு 10 வரியாக நான்கு கட்டம், நடுவே மூன்று வெற்று வரி, ஆக 43 வரி. 43-ஐ 16-ஆல் பெருக்கினால் 688 பாயிண்ட். ஏ4 தாளின் உயரம் 842. மேலும் கீழும் விளிம்புக்கு 154 பாயிண்ட் மிஞ்சும். வரிக்கோட்டுப் பெட்டியில் 12-ஐ அழித்துவிட்டு 16 என்று எழுதுங்கள். எத்தனை பத்தி என்ற கேள்விக்கு அதன் பிறகு பதில் சொல்லலாம்.