நோய் சொல்லிக்கொண்டு வராது!

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர். மாதச் சம்பளம் 12 ஆயிரம் ரூபாய். வீட்டு வாடகை, அரிசி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

"மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா?" என்று அவரிடம் கேட்டால் சிரிப்பார்.

"சாப்பாட்டுக்கே இழுபறி. இன்ஷூரன்சுக்கு எங்கே போவது?" என்பார்.

"ஏழைகளுக்குப் பொறுப்பு இல்லை" என்று சிலர் இதற்குக் குறை கூறுவார்கள். அது தவறு. ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்கும் இன்ஷூரன்சை அவர் எப்படிக் கட்டுவார்?

ஆனால், "நம்மால் முடியாது" என்று அவர் சும்மா இருந்துவிடுவதும் தவறுதான். அவருக்கு ஒரு வழி இருக்கிறது. அதுதான் இ.எஸ்.ஐ.

90 ரூபாய்

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதம் 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் சேர வேண்டும். இது சட்டம்.

சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிப்பார்கள். 12 ஆயிரத்துக்கு 90 ரூபாய். ஒரு நாளைக்கு 3 ரூபாய்! முதலாளி தன் பங்காக 390 ரூபாய் கட்ட வேண்டும்.

இதனால் தொழிலாளிக்கு மட்டுமல்ல, அவருடைய மனைவி மக்களுக்கும் வைத்தியம் கிடைக்கும். ஒழுங்காகச் சந்தா கட்டி வந்தவர் நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால், ஆண்டில் 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

390 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக, தொழிலாளியின் பெயரையே பதியாத முதலாளிகள் உண்டு. பொறுப்பு இல்லாதவர்கள் அவர்களே!

"பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள்" என்று கேட்கும் தொழிலாளிகளும் உண்டு. இன்று 90 ரூபாய் லாபம். நாளை ஆஸ்பத்திரியில் படுத்தால், மனைவியின் தாலி அடகுக் கடைக்குப் போகும்.

முதலாளி இல்லாதவர்கள்

பூக்கட்டி விற்கிறவருக்கு முதலாளி ஏது? தமிழ்நாட்டில் அவருக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். காசு கட்ட வேண்டியதில்லை.

இதிலும் ஒரு குறை உண்டு. மாதம் 10 ஆயிரம் வந்தால் அட்டை கிடைக்கும். 11 ஆயிரம் வந்தால் பொதுவாகக் கிடைக்காது. கூடுதலாக வரும் அந்த ஆயிரம் ரூபாய், ஆபரேஷன் செலவைத் தாங்குமா? அரசு இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால், அட்டை பெறத் தகுதி இருந்தும் வாங்காமல் இருப்பவர் யாரைக் குறை சொல்வது? வருமானச் சான்றிதழுக்கு அலைய வேண்டும் என்று தள்ளிப் போடுகிறார்கள். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டலாமா?

முடியாததை ஏழையிடம் கேட்பது அநியாயம். முடிந்ததை ஏழை செய்யாமல் இருப்பது ஆபத்து.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? வீட்டில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஒவ்வொரு குடும்பமும் இன்றே பார்க்க வேண்டும்.

ஏனென்றால், நோய் சொல்லிக்கொண்டு வராது!