கிருஷ்ணகிரியும் கள்ளக்குறிச்சியும்

2019-ஆம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. கலெக்டர் வந்தார், கச்சேரிகள் வந்தன, ரயில் வரவில்லை. சின்னசேலத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் பாதை போட 2006-07-லேயே அனுமதி கிடைத்திருந்தது. நிலம் எடுப்பதிலும் பணம் ஒதுக்குவதிலும் ஏற்பட்ட தாமதமே காரணமென்பார்கள். நாம் அஞ்சுவது வேறொன்று. பாதை வந்த பிறகு, "வரும்படி போதவில்லை" என்ற பழைய பல்லவி பாடப்படுமோ என்பதே நமது கவலை.

பழைய சேலம் ஜில்லாவுக்கு அந்தப் பல்லவி புதிதல்ல. 1876-78-ல் தாது வருஷப் பஞ்சம் அந்த ஜில்லாவைக் கொடுமையாக வாட்டியது. தானியம் இருந்த இடத்திலிருந்து பசித்தவன் இருந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோக வழியில்லை. 1880-ல் பஞ்சக் கமிஷன் பாதுகாப்பு ரயில்பாதைகள் வேண்டுமென்றது. அந்த நோக்கத்துடன் 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் இரண்டரை அடி அகலமுள்ள சிறுபாதைகள் போடப்பட்டன. அவை லாபத்துக்காகப் போட்டவையல்ல. ஆயினும் லாபத்தைக் கொண்டே எடைபோடப்பட்டன. காவலுக்கு வைத்த நாய் பால் கறக்கவில்லையே என்று குறைப்படும் வீட்டுக்காரனை என்னென்பது?

திருப்பத்தூரில் பிரதான பாதையோ அகலப்பாதை. அதனால் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டும். பிரயாணியும் மூட்டையுடன் இறங்கி ஏற வேண்டும். வீட்டு வாசலுக்கே மோட்டார் வந்ததும் ஜனங்கள் அதில் ஏறிக்கொண்டதில் வியப்பென்ன? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாதைகள் மூடப்பட்டன, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. சேலம்-பெங்களூர்ப் பாதையால் தர்மபுரி பின்னர் பிழைத்துக்கொண்டது. கிருஷ்ணகிரியோ 2004-ல் ஜில்லாத் தலைநகரானபோதும் ரயிலற்ற ஊராகவே இருந்தது.

கல்வராயன் மலையிலுள்ள மலையாளிப் பழங்குடியினர் கூலிவேலை தேடி வெளியூர் போகிறவர்கள். வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, சின்னசேலத்தில் ரயிலேறும் ஏழைக்கு அந்தப் பத்து மைல் அற்ப தூரமல்ல. மலையின் புளிக்கும் மரவள்ளிக்கும், கீழ்நாட்டு நெல்லுக்கும், சர்க்கரைக்கும் அப்படியே.

ஆகையால் கள்ளக்குறிச்சி வண்டிகள் சின்னசேலத்தோடு நிற்கலாகாது. சேலத்துக்கும், விருத்தாசலம் வழியாகச் சென்னைக்கும், ஜனங்களுக்கு உகந்த வேளையில் நேரே ஓடவேண்டும். பாதையைத் திருவண்ணாமலைப் பக்கம் நீட்டுவதையும் ரயில்வே போர்டு ஆராய வேண்டும். முதல் சில வருஷங்களின் டிக்கெட் வசூலைக் காட்டி ஒரு வண்டியையும் குறைப்பதில்லை என்று சர்க்கார் பார்லிமெண்டிலேயே வாக்களிக்கட்டும்.