விருது வாங்கிய படங்களும் லயத்துக் கண்களும்



தொழிற்சங்கப் பத்திரிகையில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மலையில் இருந்து இறங்கி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டபிறகு லயத்தில் மிஞ்சுகிற ஒரே ஓய்வு படம்தான். உலகம் நம்மை எப்படிப் பார்க்கிறது, நாம் நம்மை எப்படிப் பார்க்கிறோம் என்பதில் பாதியைப் படங்களே தீர்மானிக்கின்றன. அதனால் அதுவும் சங்கம் பேசவேண்டிய விஷயம்தான்.

தலைசிறந்த படங்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் நடிப்புக்கும் இசைக்கும் புள்ளி போடுவார்கள். நாம் வேறு மூன்று கேள்விகளை வைக்கிறோம். கமரா பங்களா வாசலில் நிற்கிறதா, லயத்து வாசலில் நிற்கிறதா? சம்பளமும் கடனும் பேசப்படுகின்றனவா? பெண்கள் அழுவதற்கு மட்டும் வருகிறார்களா, முடிவெடுக்கவும் வருகிறார்களா? விருது வாங்கிய ஐந்து படங்களை இந்தக் கேள்விகளால் நிறுத்துப் பார்த்தோம். கீழே இருந்து மேலே போவோம்.

ஐந்தாம் இடம், ‘கோன் வித் த விண்ட்’ (1939). சிறந்த படத்துக்கான ஒஸ்கார் வாங்கிய படம். அமெரிக்காவின் பருத்தித் தோட்டம்தான் களம். அடிமைகள் எஜமான் வீட்டு விசுவாசிகளாகவே வருகிறார்கள். எஜமான் குடும்பம் சொத்திழந்ததுதான் அங்கே பெரிய சோகம். இதில் வேலைக்காரியாக நடித்த ஹட்டி மக்டானியல், ஒஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். நிறப் பாகுபாட்டால் அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சிக்கு அவரால் போக முடியவில்லை. விருது கொடுத்த இரவிலும் தனி மேசையில்தான் உட்கார வைத்தார்கள். நம் பக்கமும் ‘அந்தக் காலத்து நல்ல துரை’ கதைகள் உண்டு. துரை நல்லவரா கெட்டவரா என்பதல்ல கேள்வி. ஒரு மனிதனின் நல்ல மனதை நம்பி ஆயிரம் பேர் வாழவேண்டி வந்ததே, அதுதான் கேள்வி.

நான்காம் இடம், ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ (1957). ஏழு ஒஸ்கார். ஹட்டனில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போது கிதுல்கலையைத் தாண்டுகிறோமே, அங்கே களனி ஆற்றில்தான் அந்தப் பாலத்தைக் கட்டி வெடிவைத்தார்கள். யுத்தக் கைதிகளான பிரிட்டிஷ் சிப்பாய்களின் மானத்தைப் படம் பேசுகிறது. ஆனால் ஜப்பானியர் 1942-43இல் போட்ட சயாம்-பர்மா மரண ரயில்பாதையில் நேசநாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்றால், ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நம் பாட்டன் பூட்டன் இங்கே வந்ததுபோல் மலாயாவுக்குக் கப்பலேறியவர்களின் சந்ததி அது. மூலக்கதையை எழுதிய பியர் பூல், மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். அந்தத் தொழிலாளர்களை அறியாதவர் அல்ல. இருந்தும் படத்தில் அவர்களின் சாவுக்கு இடமில்லை.

மூன்றாம் இடம், பாலாவின் ‘பரதேசி’ (2013). பி. எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’, தமிழில் ‘எரியும் பனிக்காடு’, இதன் அடிப்படை. கங்காணியின் ஆசை வார்த்தை, முன்பணம், எவ்வளவு உழைத்தாலும் தீராத கணக்கு, எல்லாம் நம் வீட்டுக் கதை. இலங்கையில் 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையும் இதே கண்ணிதான்: கடனைக் கட்டினால்தான் ஆள் வேறு தோட்டத்துக்குப் போகலாம். இந்தப் படத்துக்குக் கிடைத்த இந்திய தேசிய விருது எதற்குத் தெரியுமா? உடையலங்காரத்துக்கு! தொழிலாளி உடுத்திய கந்தலுக்கு விருது. படத்தின் குறை பெரியது. டேனியல் தோட்ட டொக்டராக இருந்து தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டப் பாடுபட்டவர். படத்து டொக்டரோ மதம் மாற்ற ஆடிப்பாடும் கேலிப் பாத்திரம். கதை கண்ணீரோடு முடிகிறது. விடிந்தால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை.

இரண்டாம் இடம், பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’ (2023). பழைய படம் அல்ல, ஆனாலும் விட மனமில்லை. புசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்றது. 2022 நெருக்கடி நேரத்தில் மலைநாட்டுக்குச் சுற்றுலா வரும் ஓர் இந்தியத் தம்பதியின் பொருட்கள் களவு போகின்றன. பொலிசார் பிடித்து வருவது தோட்டத்துத் தமிழர்களை. அடிபட்டவர்களில் ஒருவர் சாகிறார். களவு எங்கே போனாலும் சந்தேகம் முதலில் லயத்துக்குத்தான் வரும் என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய படம் அரிது. கமரா சுற்றுலாக்காரர் பக்கமே நிற்பதால் முதலிடம் தரமுடியவில்லை.

முதலிடம், ‘சோல்ட் ஒஃப் த ஏர்த்’ (1954), ‘மண்ணின் உப்பு’ என்று சொல்லலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 1950 முதல் 1952 வரை நடந்த துத்தநாகச் சுரங்க வேலைநிறுத்தமே கதை. அதில் நின்ற தொழிலாளர்களும் மனைவிமாரும் பலர் தாமே நடித்தார்கள். வீட்டுக்குத் தண்ணீர் வசதி வேண்டும் என்று பெண்கள் கேட்கிறார்கள். ‘முதலில் சுரங்கப் பாதுகாப்பு, அது பிறகு’ என்கிறார்கள் ஆண்கள். தொழிலாளர் மறியல் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடை போடுகிறது. அப்போது பெண்கள் எழுந்து, தடை தொழிலாளிக்குத்தானே, எங்களுக்கில்லையே என்று மறியல் வரிசையில் இறங்குகிறார்கள். பிள்ளைகளோடு ஜெயிலுக்கும் போகிறார்கள். வீட்டில் விறகு பிளந்து, தண்ணீர் சுடவைத்து, துணி துவைத்த பிறகுதான் ஆண்களுக்கு அந்தக் கோரிக்கையின் பாரம் விளங்குகிறது. படம் எடுக்கும்போதே கதாநாயகி ரொசாரா ரெவுல்டாசைக் கைதுசெய்து மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் மிகச் சில கொட்டகைகளே படத்தைக் காட்டின. செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி விழா முதற்பரிசு கொடுத்தது. இதை எழுதிய மைக்கல் வில்சனே குவாய் படத்துக்கும் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர். கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அங்கே அவர் பெயரே போடப்படவில்லை. இறந்தபிறகு, 1984இல்தான் அந்த ஒஸ்காரை அவருக்கு உரித்தாக்கினார்கள்.

அது சுரங்கம், நமக்கென்ன என்று தள்ளமுடியாது. கொழுந்து பறிக்கிற கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். சந்தாவும் அவர்கள் பேரில் பிடிபடுகிறது. ஆனால் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் மேசைக்கு முன்னால் யார், வாசற்படியில் யார்? மலையில் கழிப்பறை இல்லை, பீலித் தண்ணீர் வரண்டுவிட்டது என்று பெண்கள் சொல்வது கோரிக்கைப் பட்டியலில் எத்தனையாவதாக எழுதப்படுகிறது? சம்பளம் முதலில் என்பவர்களின் நியாயம் நமக்கும் தெரியும். அரை வயிற்றோடு இருப்பவருக்குச் சம்பளம்தான் உயிர். ஆனால் கழிப்பறை இல்லை என்பதற்காக நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கு அதுவும் உயிர்ப் பிரச்சினைதான். இரண்டையும் ஒரே தாளில், ஒரே எண்ணின் கீழ் எழுத முடியும்.

தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ என்ற படத்தைத் தயாரித்து நடித்தார். சங்கமும் சினிமாவும் சேர்வது மலையகத்துக்குப் புதிதல்ல. இன்று கமரா நம் பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கிறது.

ஆகவே ஒரு யோசனை. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு முன்பு, ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ, ‘மண்ணின் உப்பு’ படத்தைப் போட்டுக் காட்டுவோம். மொழி தெரியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து சொல்லட்டும். படம் முடிந்ததும் மாதர் அணி முதலில் பேசட்டும், ஆண்கள் கேட்கட்டும். அன்று பெண்கள் சொல்வதை அன்றே எழுதி, கமிட்டித் தலைவர் கையெழுத்தோடு கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.