தூதர்கள் போடிக்கும் வரட்டும்

ஐ.நா.வில் 2020 முதல் 2022 வரை இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்த டி.எஸ்.திருமூர்த்தி, ஓய்வுக்குப் பிறகு ஐஐடி மெட்ராஸில் பேராசிரியரானார். 1996-ல் இந்தியா காஸாவில் அலுவலகம் திறந்தபோது அங்கே முதல் பிரதிநிதியாகப் போனவர் அவர். பாடப்புத்தகம் நாலு வரியில் முடித்துவிடுகிற பாலஸ்தீனத்தை, அங்கே குடியிருந்தவர் வாயால் கேட்பது வேறு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் டி.பி.சீனிவாசன். பிஜியில் தூதராக இருந்து, 1987 ராணுவப் புரட்சிக்குப் பின் அந்நாட்டு அரசால் வெளியேற்றப்பட்டவர். அவரும் இளைஞர்களுக்கு வெளியுறவு சொல்லித் தருகிறார்.

கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. எங்கள் போடிநாயக்கனூர்ப் பிள்ளைகளுக்கு வெளியுறவு என்றால் போட்டித் தேர்வு கைடில் வரும் பஞ்சசீலமும் அணிசேரா இயக்கமும்தான். ஓய்வுபெற்ற தூதர்களைக் கல்வி நிலையங்களுக்கு அனுப்பி உரையாற்ற வைக்கும் திட்டத்தை வெளியுறவு அமைச்சகம் 2010-லிருந்து நடத்துகிறது. ஏலத்தோட்ட முதலாளிகளின் சங்கப் பெயரிலேயே கல்லூரி வைத்திருக்கிற ஊர் இது. இங்கேயும் ஒருவரை அனுப்பலாம்.

வருகிறவர் உலக வரைபடத்தை விரிக்க வேண்டாம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏல மையத்துக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். திரையில் ஓடுகிற விலைக்குப் பின்னால் இருப்பது குவாத்தமாலா. முதல் உலகப் போருக்கு முன் ஒரு ஜெர்மன் காப்பித் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோய் நட்ட ஏலச்செடி, பின்னாளில் ஏற்றுமதியில் நம்மை முந்திக்கொண்டது. அந்த ஊர்க்காரர்கள் அதை அதிகம் சாப்பிடுவதில்லை. காய் அரபு நாட்டுக் காப்பிக்குப் போகிறது. நம் காய்க்கும் சவுதிதான் பெரிய ஆசை. பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று அந்த நாடு நம் சரக்குக்குக் கட்டுப்பாடு போட்டபோது, போடிமெட்டுக்கு மேலே மருந்தடிக்கிறவர் வரைக்கும் அது வந்து சேர்ந்தது. அப்போது ரியாத் தூதரகத்தில் யார், யாரிடம், எந்த ஆய்வறிக்கையை வைத்துப் பேசுவார்கள்? கைகுலுக்கும் படங்களில் வராத இந்த வேலையைத் தூதர் சொன்னால்தான் தெரியும்.

பிள்ளைகளும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: தாங்கள் இருந்த காலத்தில் எடுத்த முடிவெல்லாம் சரி என்பார்கள். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பற்றிக் கேளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து கேரளத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்ணின் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டால், டெல்லி கருத்தரங்குகளில் சொல்லிப் பழகிய பதில் அங்கே செல்லாது.

வகுப்பு தமிழில் நடக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. 2023 ஜூனிலிருந்து சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஏறினால் காலையில் போடி. ஏலம் நடக்கிற நாளாகப் பார்த்து வரச் சொல்ல வேண்டும்.