குழம்பைத் தேடி குவாதலூப்புக்கு



காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து நான் உங்களுக்கு வணக்கம் சொல்லும் நேரத்தில், உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு தீவில் முதல் நாள் மாலை ஆறு மணி. நமக்கும் அதற்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். தீவின் பெயர் குவாதலூப். கரீபியன் கடலில் இருந்தாலும் அது பிரான்சின் ஒரு மாநிலம் மாதிரி; செலவுக்கு யூரோ, பேச்சுக்கு பிரெஞ்சும் கிரியோலும். இரண்டு மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தத் தீவின் வரைபடம்தான் விரித்துக் கிடக்கிறது. ஒரு மூலையில் சம்பல் கறைகூட பட்டுவிட்டது.

ஆரம்பித்து வைத்தவன் தம்பி. 'டெத் இன் பாரடைஸ்' என்ற துப்பறியும் தொடரை அவன் ஒரு பாகம் விடாமல் பார்ப்பவன். அதில் வரும் தீவு கற்பனை. ஆனால் படம் பிடிப்பது குவாதலூப்பில் டெஹே என்ற சிற்றூரில். "அக்கா, அடுத்த விடுமுறைக்கு இங்கதான்" என்றான். அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை. "கடலப் பார்க்க இவ்வளவு தூரமா? பங்கோர்ல இல்லாத கடலா?"

நியாயமான கேள்வி. ரெடாங், பெர்ஹெந்தியான், லங்காவி எல்லாம் வைத்திருக்கும் நாட்டில் இருந்துகொண்டு, வெள்ளை மணலுக்காக மட்டும் உலகத்தைப் பாதி சுற்றுவது காசைக் கரியாக்குவதுதான். அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் சீட்டு வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

பதில் சாப்பாட்டில் கிடைத்தது. அந்தத் தீவில் என்ன சாப்பிடுவார்கள் என்று தேடினால் முதலில் வருவது 'கொலம்போ'. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு அரைத்த பொடி. அதில் கோழியோ ஆடோ போட்டு வைத்து, சோற்றோடு பரிமாறுகிறார்கள். பெயர் கொழும்பு நகரத்திலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு. நம் 'குழம்பு'தான் அப்படித் திரிந்தது என்பவர்களும் உண்டு. வானொலிக் குரல் தேர்வில் எங்களை முதலில் சோதிப்பதே 'ழ'கரத்தை வைத்துத்தான். அந்த ஓர் எழுத்து கடலில் விழுந்துவிட்டாலும் குழம்பு கரை சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பாகற்காயை அங்கே 'பவோக்கா' என்பார்களாம். சொல்லிப் பாருங்கள், 'பாவக்கா' காதில் விழும்.

இன்னொரு திசையில் போன கப்பல்

பிரான்ஸ் 1848இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 'ஓரெலி' என்ற கப்பல் 1854 டிசம்பர் 24ஆம் தேதி முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள் அங்கே போனார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அதே காலத்தில் நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் கிழக்கே வந்து பினாங்கில் இறங்கினார்கள். அங்கே கரும்பு, இங்கே முதலில் கரும்பு, காப்பி, பிறகு ரப்பர்.

அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட ஓட்டுரிமை தர அரசு மறுத்தது. அதற்காக வழக்காடியவர் ஹென்றி சிதம்பரம். காபஸ்தேர் என்ற ஊரில் பிறந்த இவர் 1904இல் தொடங்கிய போராட்டம் 1923இல்தான் முடிந்தது. நாம் பள்ளிப் புத்தகத்தில் படிக்காத பெயர். இனிமேலாவது தெரிந்து வைத்துக்கொள்வோம்.

இதையெல்லாம் நான் வாசிக்க வாசிக்க, பேராக்கில் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த அம்மா கையிலிருந்த முருங்கைக்கீரையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பவும் தமிழ் பேசுவாங்களா?"

"இல்லம்மா. கோயில்ல தமிழ்ப் பாட்டு உண்டு. ஆனா பாடுறவங்க பல பேருக்கு அர்த்தம் தெரியாதாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தமிழ் பேசிச் சம்பளம் வாங்குகிற எனக்கு அந்த மௌனம் சங்கடமாக இருந்தது. பிறகு அம்மாவே சொன்னார்: "பேசலைன்னா என்ன? இன்னும் ஆக்கித் திங்கிறாங்கல்ல."

வண்ணத்துப்பூச்சியின் இரண்டு சிறகு

இனி திட்டத்துக்கு வருவோம். நீங்களும் யோசிக்கலாம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

வரைபடத்தில் குவாதலூப் ஒரு வண்ணத்துப்பூச்சி. இரண்டு சிறகுக்கும் நடுவில் ஒரு குறுகிய நீர்ப்பாதை. கிழக்குச் சிறகு கிராந்த்-தேர். 'பெரிய நிலம்' என்று பொருள், ஆனால் இரண்டில் அதுதான் சிறியது. மேற்குச் சிறகு பாஸ்-தேர். 'தாழ்ந்த நிலம்' என்று பொருள், ஆனால் 1,467 மீட்டர் உயர எரிமலை லா சூஃப்ரியேர் நிற்பது அங்கேதான். பெயரை நம்பி அறை எடுத்தால் ஏமாந்து போவோம். கிழக்கு தட்டையானது; வெள்ளை மணலும் அமைதியான கடலும் அங்கே. மேற்கில் மலை, மழைக்காடு, அருவி, தேசியப் பூங்கா. ஆகவே ஒரே இடத்தில் தங்காமல் கிழக்கில் சேந்த்-ஆன் ஊரில் நான்கு இரவு, மேற்கில் ஆறு இரவு என்று பிரித்திருக்கிறோம். இரண்டுமே சமையலறை உள்ள வீடுகள். அம்மாவின் ஒரே நிபந்தனை அது.

எப்போது போவது? டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். ஐரோப்பியர்கள் குளிருக்குத் தப்பி ஓடிவரும் டிசம்பர், பிப்ரவரி மாதங்களில் விலை ஏறும். அதனால் மே மாதத் தொடக்கம் என்று வைத்தோம். கோலாலம்பூரிலிருந்து பாரிஸ், அங்கிருந்து எட்டு ஒன்பது மணி நேரத்தில் புவாந்த்-ஆ-பித்ர். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் விமானம் இறங்குவது சார்ல்ஸ் டி கால் நிலையத்தில். தீவுக்குப் போகும் விமானங்கள் பல கிளம்புவது நகரத்தின் இன்னொரு பக்கம் இருக்கும் ஓர்லி நிலையத்தில். இரண்டையும் ஒரே நாளில் நெருக்கி வைக்காதீர்கள். நாங்கள் பாரிசில் ஓர் இரவு தங்குகிறோம். இன்னொன்று: குவாதலூப் பிரான்சைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கன் வட்டத்துக்குள் இல்லை. உங்கள் கடப்பிதழுக்கு என்ன விதி என்பதைத் தீவின் பெயரைச் சொல்லியே தூதரகத்தில் கேளுங்கள். பேருந்தை நம்பி ஊர் சுற்ற முடியாது. வாடகைக் கார் வேண்டும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தம்பி இப்போதே பயமுறுத்துகிறான்.

அம்மாவுக்கு மூட்டு வலி. எரிமலை உச்சிக்கு நடை தம்பிக்கு மட்டும், அவன் போய்வரட்டும். அம்மாவுக்காகப் பாஸ்-தேரை ஊடறுத்துப் போகும் காட்டுச் சாலையில் எக்ரெவிஸ் அருவி. கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான். கார்பே அருவிகளில் இரண்டாவது 110 மீட்டர். அதைப் பார்க்கும் மேடைக்கு இருபது நிமிடம், படிகள் உண்டு, முடிந்தால் போவோம். மலாந்துய்ர் கடற்கரையின் கறுப்பு மணலில் அவர் உட்கார்ந்திருக்க, எதிரே பிஜோன் தீவுகளின் கடலுக்குள் நாங்கள் முகமூடியோடு மிதப்போம். ஆமைகள் வரும் இடம். கரையோரம் சிவப்புக் குறி போட்ட மரங்கள் இருந்தால் அவை மாஞ்சினீல். காய், பால் எல்லாம் விஷம். மழைக்குக்கூட அடியில் ஒதுங்கக் கூடாது.

சாப்பாட்டுப் பட்டியல் நீளம். பொரித்த ரொட்டிக்குள் உப்பு மீனோ கோழியோ திணித்துத் தரும் 'போக்கிட்' சாலையோர வண்டிகளில். நம் ஊர் ரோட்டி ஜோனுக்குத் தூரத்து உறவு. கருவாடு மாதிரி உப்பிட்ட காட் மீனில் செய்யும் அக்ரா, மாலைப் பலகாரம். படகேறி லெ சேந்த் தீவுகளுக்குப் போனால் துறைமுகத்திலேயே பெண்கள் தேங்காய்ப்பூ வைத்த சிறு கேக்கு விற்பார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'காதல் வேதனை'. கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்த மனைவிகள் சுட்டது என்று கதை.

காபஸ்தேரில் ஷாங்ஜி என்ற இடத்தில் சாலையோரமே கோயில். கார்பே அருவிக்குப் போகும் வழி அந்தப் பக்கம்தான். தீவில் மாரியம்மனும் மதுரை வீரனும் உண்டு. மதுரை வீரனை 'மால்தெவிலன்' என்கிறார்கள். ஆடு வெட்டிப் பூசை செய்து, அதையே கொலம்போ ஆக்கி எல்லாருக்கும் இலையில் போடுவது வழக்கம். அது அவர்களின் வழிபாடு, நமக்கான வேடிக்கை இல்லை. கேட்டுவிட்டு நுழைவது, கைப்பேசியைப் பையில் வைத்துவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

அப்பாவின் 'அடுத்த வருஷம்'

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செலவை நினைத்து நானே இரண்டு முறை பின்வாங்கினேன். மூன்று வருட போனஸ் அப்படியே போகிறது. வீட்டுக்கு முன்பணம் கட்டலாமே என்று தோழிகள் சொன்னதும் சரிதான்.

அப்பா லாரி ஓட்டியவர். அம்மாவைக் காசிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் "அடுத்த வருஷம் பார்ப்போம்." வேலை ஓய்வு பெற்ற ஏழாம் மாதம் போய்விட்டார். காசிக்கு இப்போது நாங்கள் கூப்பிட்டாலும் அம்மா வரமாட்டார். "அது அவரோட போக வேண்டியது" என்கிறார். அவரோடு பேசி வைக்காத ஓர் ஊர்தான் வேண்டியிருந்தது. யாரும் தள்ளிப்போடாத ஓர் ஊர்.

தம்பி போட்ட கால அட்டவணையில் காலை ஏழு மணி முதல் இரவு வரை ஒரு கட்டம்கூடக் காலியில்லை. நான் இரண்டு நாளை அழித்தேன். அந்த நாள்களில் யாரும் எங்கேயும் போக வேண்டாம். என் வேலையே பேசுவது. இரண்டு நாளாவது அலைச் சத்தத்தை மட்டும் கேட்கிறேனே.

போன செவ்வாய்க்கிழமை மூன்று சீட்டும் வாங்கியாயிற்று. அன்று மாலை வீட்டுக்குப் போனால் மாடியில் முறத்தில் மல்லியும் மிளகாயும் காய்கிறது. அரைக் கிலோ குழம்புப் பொடி திரித்து எடுத்துப் போகப் போகிறாராம். புவாந்த்-ஆ-பித்ர் சந்தையில் மசாலா விற்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவர் பொடியை வாங்கி வருவதாகத் திட்டம்.

"இது எங்க வீட்டுப் பொடின்னு அவங்க பாஷையில எப்படிச் சொல்றது?" என்று கேட்டார்.

இப்போது தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு, நிலையத்துக்குக் கார் ஓட்டும் வழியில், அந்த ஒரு பிரெஞ்சு வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.