நாற்றம் மூக்கிலா, நாக்கிலா?

சேரன்மகாதேவியில் நமது நண்பர் ஒருவர் சென்ற மாதம் வாடகைக்கு வீடு கேட்கப் போனார். வீட்டுக்காரர் ஜாதியைக் கேட்கவில்லை, நாகரிக மனிதரல்லவா? "மீன் சமைப்பீர்களோ? அந்த நாற்றம் எங்களுக்கு ஆகாது" என்று மாத்திரம் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். தோழர்களே! நாற்றம் என்பது என்ன என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம் என்றே அர்த்தம். வள்ளுவர் மொட்டுக்குள் அடங்கிய மணத்தை நாற்றம் என்றுதான் சொல்லுகிறார். ஆண்டாள் தன் கடவுளின் வாய் மணத்தைப் பற்றிச் சங்கிடம் விசாரிக்கும்போதும் 'நாறுமோ' என்றே கேட்கிறாள். இன்று ஒரு பக்தரிடம் போய், "உமது சுவாமியின் வாய் நாறுமோ?" என்று கேட்டால் உதைதான் கிடைக்கும்! இங்கிலீஷிலும் இதே கதைதான். 'ஸ்டிங்க்' என்ற சொல் ஆதியில் நறுமணத்துக்கும் வழங்கிற்று; இன்றோ துர்நாற்றத்துக்கு மாத்திரமே. பூவும் மாறவில்லை, மூக்கும் மாறவில்லை, சொல்தான் மாறிற்று.

பெருங்காயத்துக்கு ஜெர்மானியர் இட்ட பெயர் 'பிசாசின் மலம்' என்பதாகும். மீன் நாற்றம் பொறாத வீட்டிலோ அது இல்லாமல் ரசம் கொதிக்காது! மல்லிகை மணத்தில் சிறிதளவு கலந்துள்ள 'இண்டோல்' என்னும் பொருள் மலத்திலும் இருக்கிறதென்று ரசாயன சாஸ்திரம் கூறுகிறது. அதற்காக மல்லிகையை யாராவது வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்களா?

அழுகிய பொருளை மூக்கு வெறுப்பது உடம்புக்குக் காவல். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் ஆசையாய் உண்ணும் உணவு மற்றொருவருக்கு நாறுவது பழக்கமேயன்றி வேறல்ல. அந்தப் பழக்கத்தைக் கொண்டு மனிதனைத் தள்ளிவைப்பது யோக்கியமா?

இதே ஊரில் வ.வெ.சு. அய்யரின் குருகுலத்தில், பொதுப்பணத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போடப்பட்டதும், 1925-ல் அதன்மேல் தமிழ்நாடு கொதித்ததும் எல்லோரும் அறிந்ததே. அன்று அதற்கு ஆசாரம் என்று பெயர். இன்று நாற்றம் என்று பெயர். அவ்வளவே வித்தியாசம்!

குடியிருப்பவர் வீட்டைச் சுத்தமாக வைப்பாரா என்று கேளுங்கள், அது நியாயம். அவர் சட்டியில் கொதிப்பது என்ன என்று கேட்க உங்களுக்கு என்ன பாத்தியதை? தாமிரபரணியில்தான் மீனும் வாழுகிறது. அந்த நீரைத் தீர்த்தமென்று தலையில் தெளித்துக்கொள்ளுகிறவர்களுக்கு மீன் மாத்திரம் நாறுவானேன்?